மெய் சொல்லும் பெட்டியும் மெய் கேட்கும் அறையும்

பாட்டைப் பதிவு செய்வது ஒரு காலத்தில் பெரிய நிலையங்களுக்கே உரிய காரியமாக இருந்தது. தடித்த சுவர், இரட்டைக் கதவு, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் என்று அது ஒரு தனி உலகம். அவ்வுலகம் இன்று மாணவரின் வாடகை அறைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. ஒரு மடிக்கணினி, ஒரு மைக், இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு பெட்டி, இரண்டு ஒலிபெருக்கிகள்; இவ்வளவே மூலதனம். டில்லியில் படித்துக்கொண்டே தஞ்சாவூரிலுள்ள குருவுக்கு வாரம் ஒரு கீர்த்தனை பாடி அனுப்பும் மாணவி உண்டு. விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பாட்டியின் தாலாட்டைப் பதிந்து வந்து, இங்கே அமர்ந்து அதைச் செப்பம் செய்யும் மாணவனும் உண்டு.

இவர்கள் அனைவரும் ஒருநாள் ஒரே குறையைச் சொல்வார்கள். “என் அறையில் நன்றாயிருக்கிறது, வெளியே போனால் கெட்டுவிடுகிறது” என்பார்கள். அறையில் கம்பீரமாக முழங்கிய மிருதங்கம் நண்பரின் காரில் தகர டப்பாவாக ஒலிக்கும். குருவோ, “ஏனம்மா, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதே?” என்று கேட்பார். பாடியவள் பிழை செய்யவில்லை. பாட்டில் இல்லாத குறை இடையில் எங்கோ ஏறிக்கொண்டது.

உடனே பழி ஒலிபெருக்கியின் தலையில் விழுகிறது. “பழைய பெட்டி, தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு” என்று நண்பர்கள் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். உதவித் தொகையில் பல மாதம் மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் கடைக்குப் போய்விடுகிறது. புதுப் பெட்டி வந்த பிறகும் குறை அப்படியே இருந்தால் என்ன செய்வது? பெட்டியை மாற்றுவதா, அறையைத் திருத்துவதா, எதை முதலில் செய்வது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மானிட்டர் என்பது யாது?

வீட்டில் பாட்டுக் கேட்க வைத்திருக்கும் ஒலிபெருக்கி நம்மை மகிழ்விப்பதற்காகச் செய்யப்பட்டது. தாழ்ந்த ஒலியைச் சற்றுப் பெருக்கியும், உச்ச ஒலிக்குச் சிறிது மெருகு ஏற்றியும் அது இனிமை காட்டும். ஸ்டூடியோ மானிட்டரின் கடமை வேறு. கோப்பில் உள்ளதை உள்ளபடி சொல்வதே அதன் தொழில். முகத்துதி பாடும் அவைப் புலவனுக்கும் இடித்துரைக்கும் அமைச்சனுக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் உள்ளது எனலாம்.

இத்துறையில் புகழ்பெற்ற பெட்டிகளின் வரலாறு சுவையானது. யமஹா நிறுவனம் 1978-இல் என்.எஸ்.10 என்ற பெட்டியை வீட்டு உபயோகத்துக்காகவே வெளியிட்டது. வீடுகளில் அதற்கு நல்ல வரவேற்பில்லை. ஆனால் ஒலிப்பதிவாளர்கள் அதை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். அதன் உச்ச ஒலி கூசியதால், சிறிய ஒலிபெருக்கியான ட்வீட்டரின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு! மூடிய பெட்டி ஆதலால் அதில் தாழ்ந்த ஒலி நீண்டு இழுபடாமல் சட்டென்று நின்றது. நடு ஒலியில் உள்ள பிழை பளிச்சென்று தெரிந்தது. “இதில் நன்றாகக் கேட்டால் எங்கும் நன்றாகக் கேட்கும்” என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவிற்று. அதன் வெள்ளைக் கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைக்காமற் போனதால் 2001-இல் உற்பத்தி நின்றது. 

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., வெளியிடங்களுக்குச் செல்லும் வண்டிகளுக்குள் வைக்கத் தக்க எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியை 1970-களில் உருவாக்கியது. பின்லாந்து வானொலிக்காகத் தோன்றிய ஜெனலெக் நிறுவனம் 1978 முதல், பெருக்கியைப் பெட்டிக்குள்ளேயே வைத்த மானிட்டர்களைச் செய்து வருகிறது. இன்று மாணவர் வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகையே. இவ்வரலாறுகளிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. ஒவ்வொரு பெட்டியும் ஓர் இடத்துக்கென்று பிறந்தது. இடத்தை மறந்து பெட்டியைப் பேசுவதில் பயனில்லை.

அறை செய்யும் மாயம்

மானிட்டரிலிருந்து புறப்படும் ஒலி நேராக நம் காதுக்கு வருகிறது. அதோடு நின்றுவிடுவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி, சிறிது காலந் தாழ்த்து மீண்டும் மீண்டும் வருகிறது. இவ்வாறு மோதி நீளும் ஒலியை முழக்கம் என்போம்.

இம்முழக்கத்தை முதன்முதலில் கணக்குக்குள் அடக்கியவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் இருந்த வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர். அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் சொன்ன சொல் ஐந்தரை நொடி வரை சுற்றிச் சுற்றி ஒலித்தது. ஒரு சொல் அடங்குமுன் பல சொற்கள் வந்து குழம்பின. 1895-இல் இதைச் சரிசெய்யும் வேலை சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் கொண்டுவந்து அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஊதச் செய்து, ஒலி மறையும் நேரத்தைத் தம் காதாலேயே கேட்டு அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி மண்டபம் அவருடைய கணக்கின்படி அமைந்ததே. ஆக, ஒலியியல் என்னும் கட்டட விஞ்ஞானம் மெத்தைகளில் பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை!

சபைனின் கணக்கு எளிது. அறையின் கன அளவை மீட்டரில் கண்டு 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எத்தனை நொடி ஆகும் என்பது கிடைக்கும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நம்மவர் வாடகைக்கு எடுக்கும் அறை ஏறத்தாழ இதுதான். கன அளவு 36. உட்பரப்பு 66 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் மொசைக் தரையும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று கொண்டால், மொத்த உறிஞ்சல் 2. முழக்க நேரம் ஏறக்குறைய 2.9 நொடி. கட்டிலும் மெத்தையும் புத்தகமும் துணியும் வந்து உறிஞ்சல் 6 ஆனால் நேரம் 1 நொடிக்கு இறங்கும். செப்பம் செய்யும் அறைக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ வேண்டும். சிறிய அறையில் இக்கணக்கு துல்லியமாகப் பொருந்தாது. ஆயினும் போகும் திசையைச் சரியாகக் காட்டும்.

நிற்க. சிறிய அறையின் பெருங்குற்றம் முழக்கத்தைவிடத் தாழ்ந்த ஒலியில்தான் இருக்கிறது. ஊஞ்சலை அதன் வேகத்துக்கு இசையத் தள்ளினால் சிறு கைவிசைக்கே அது உயர எழும்பும். அதுபோல, அறையின் நீளத்துக்குள் சரியாகப் பொருந்தும் அலை இரு சுவர்களுக்கிடையே ஆடி ஆடிப் பெருத்துவிடும். இதை நிலையலை என்பர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்கிறது. அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலையலையின் அதிர்வெண் கிடைக்கும். நமது 4 மீட்டர் நீளத்துக்கு அது 43 ஹெர்ட்ஸ். பிறகு அதன் மடங்குகளாகிய 86, 129, 172. அகலமாகிய 3 மீட்டருக்கு 57, 115, 172. உயரமும் 3 மீட்டரே ஆதலால் மறுபடியும் அதே 57, 115, 172.

இவ்வெண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். 172-இல் மூன்று திசை அலைகளும் ஒன்றுகூடுகின்றன. 57-இலும் 115-இலும் இரண்டு கூடுகின்றன. இடையே உள்ள சுரங்களுக்கு அறையின் துணை இல்லை. இனி நம் சங்கீதத்துக்கு வருவோம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அது அறையின் 129-க்கு அடுத்த வீடு. ஆகவே அவர் ஷட்ஜத்தில் நிற்கும்போதெல்லாம் அறையும் கூடவே பாடும். மற்றச் சுரங்களில் வாய் மூடிக்கொள்ளும். செப்பம் செய்பவர், “ஷட்ஜம் அதிகமாயிருக்கிறதே” என்று எண்ணி அதைக் குறைத்து அனுப்புவார். குருவின் வீட்டில் அந்த அறை இல்லை. அங்கே ஷட்ஜம் இளைத்து ஒலிக்கும். பாவம், பாடகர்!

மிருதங்கத்துக்கு இழைக்கப்படும் அநீதி இதனினும் பெரிது. சாதாரணத் தோற்கருவியின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசையாதவை. நம் மிருதங்கத்தில், வலந்தலையில் அப்பிய கரிய சோறு அவற்றை இசைவான மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. இந்த உண்மையைத் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-இல் ஒரு சிறு கட்டுரையிலும், 1934-இல் விரிவாகவும் உலகுக்கு எடுத்துக் காட்டினார். பல தலைமுறைத் தொழிலாளர் கைப்பழக்கத்தால் கண்ட அந்த ஒழுங்கில் ஒரு சுரத்தைத் தூக்கியும் ஒரு சுரத்தை அமுக்கியும் அறை குலைத்துவிடுகிறது. எந்த விலையுயர்ந்த மானிட்டரும் இதைத் தடுக்க முடியாது.

முதலில் பழைய பெட்டிக்கு விசாரணை

ஆயினும், பெட்டியில் குற்றமே இராது என்று கொள்ளலாகாது. விசாரியாமல் தண்டிப்பதும் தவறு. விசாரியாமல் விடுவிப்பதும் தவறு. கீழ்வரும் சோதனைகளுக்குக் காலணாச் செலவில்லை.

முதலாவது, ஒரே குரலை இரு பெட்டிகளிலும் சம அளவில் ஒலிக்கச் செய்து நடுவில் அமருங்கள். குரல் இரண்டுக்கும் நட்டநடுவே, சுவரில் ஆணி அடித்தாற் போல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரு பெட்டிகளையும் இடம் மாற்றி வையுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குற்றம் பெட்டியில். மாறாமல் அங்கேயே நின்றால் அறையிலோ, அதற்கு முந்திய கருவியிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையே பலருடைய பணத்தைக் காப்பாற்றும்.

இரண்டாவது, குரல் நடுவில் நில்லாமல் இருபுறமும் சிதறி, தாழ்ந்த ஒலியும் மறைந்துபோனால், ஒரு பெட்டியின் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஒலியைக் கொன்றுவிடும். கம்பியை மாற்றியவுடன் நோய் தீரும்.

மூன்றாவது, 40 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை மெல்ல மெல்ல உயரும் ஒற்றைச் சுரத்தை மிதமான அளவில் ஒலிக்கச் செய்யுங்கள். கணினியில் இதற்கு இலவசக் கருவிகள் உண்டு. ‘கரகர’ என்றோ, ‘உரஉர’ என்றோ ஒலி கேட்டால் காதைப் பெட்டியருகே கொண்டுபோங்கள். பெட்டியிலிருந்தே வந்தால் கூம்பின் விளிம்போ, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளோ கெட்டிருக்கிறது. மேசையிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ வந்தால் ஓர் ஆப்பு போதும்.

நான்காவது, கூம்பின் விளிம்பைப் பாருங்கள். ஸ்பாஞ்சினால் ஆன விளிம்பு சில பல ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். நம் நாட்டு வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். விளிம்பை மட்டும் மாற்றிக் கொடுக்கும் தொழிலாளர் நகரங்களில் இன்றும் இருக்கிறார்கள். புதுப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி சிறியதே. ட்வீட்டர் அடியோடு ஊமையாகி, அதற்கு ஈடான உறுப்பும் கிடைக்காவிட்டால், அப்போது மாற்றுவதே முறை. ஒரு பெட்டியை மட்டும் வேறு வகையாக மாற்றுவது ஒரு காலுக்குச் செருப்பும் மறு காலுக்குப் பூட்ஸும் போடுவதாகும். மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

செலவில்லாத திருத்தம்

அறைத் திருத்தத்தில் முதற்படி நாற்காலியை நகர்த்துவதுதான். பெரும்பாலோர் மேசையை வசதியான மூலையில் போட்டு, ஒரு பெட்டியைச் சுவரோரமும் மற்றதை அலமாரிக்குள்ளும் வைத்துவிடுகிறார்கள். 4 மீட்டர் நீளம் நமக்கு முன்னும் பின்னுமாக அமையுமாறு, குறுகிய சுவரைப் பார்த்து அமருங்கள். இடப்புறச் சுவரும் வலப்புறச் சுவரும் சம தூரத்தில் இருக்கட்டும். அறையின் சரிபாதியில் உட்காராதீர்கள். அங்கே 43 ஹெர்ட்ஸ் அடியோடு மறையும். பின்சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள். அங்கே எல்லாத் தாழ்ந்த ஒலியும் வீங்கும். முன்சுவரிலிருந்து நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கு, நமது அறையில் சுமார் ஒன்றரை மீட்டர், தொடங்குவதற்கு நல்ல இடம். அங்கிருந்து முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்ந்து, பழகிய பாட்டைக் கேட்டுத் தீர்மானிக்கலாம்.

இரு பெட்டிகளும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். பக்கம் 1.3 மீட்டர் என்றால் பெட்டிகளின் முகம் முன்சுவரிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டரில் வரும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். சுவரிலிருந்து எத்தனை தூரம் என்பது முக்கியம். பெட்டியின் பின்னே சென்று சுவரில் மோதித் திரும்பும் ஒலி, அந்தத் தூரம் கால் அலைநீளமாக இருக்கும் சுரத்தில், நேரே வரும் ஒலியை எதிர்த்து அழிக்கும். தூரம் 1 மீட்டர் ஆனால் அழிவது 86 ஹெர்ட்ஸ். அதைத் திருத்துவது கடினம். தூரம் 40 சென்டிமீட்டர் ஆனால் அழிவது 215 ஹெர்ட்ஸ். அதைச் சுவரில் வைக்கும் தடித்த பலகையால் பெருமளவு அடக்கலாம். சிறிய அறையில் பெட்டியைச் சுவரை அணைத்து வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

உறிஞ்சும் பலகை

அடுத்தது பக்கச் சுவர். நண்பர் ஒருவரை முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் அமர்ந்த இடத்திலிருந்து எந்த இடத்தில் கண்ணாடியில் மானிட்டர் தெரிகிறதோ, அந்த இடத்திலிருந்துதான் முதல் எதிரொலி வருகிறது. சுற்றி வரும் வழி நேர் வழியைவிட 34 சென்டிமீட்டர் கூடுதலானால், அவ்வொலி ஆயிரத்தில் ஒரு நொடி தாழ்த்து வந்து 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்களை அரித்துவிடும். சீப்பின் பற்களைப் போல ஒலியில் இடைவெளிகள் விழும். கிணற்றுக் குரல் என்று குரு சொன்னது பெரும்பாலும் இதைத்தான்.

மைக் முன்னே பாடும்போதும் இதே கதைதான். வெறுஞ் சுவரிலிருந்து திரும்பும் ஒலி மைக்குக்குள் புகுந்துவிட்டால் பிறகு அதை எடுக்கும் வித்தை எளிதில் கிடையாது. ஆகவே பாடுபவரின் முதுகுப் புறம், மைக்குக்கு எதிரே உள்ள புறமே, முதலில் மூடப்பட வேண்டும்.

எதைக் கொண்டு மூடுவது? முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அது மெல்லிய காகிதக்கூழ். உச்ச ஒலியைச் சிறிது கலைக்கும், மற்றவற்றைத் தொடாது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். தெர்மாகோலும் உதவாது, அதன் குமிழ்கள் மூடியவை, காற்று உள்ளே புகாது. ஒலி அழிவது எப்படி? காற்று நார்களுக்கிடையே முன்னும் பின்னும் ஓடி உராய்ந்து, அவ்வாற்றல் சிறு வெப்பமாக மாறுவதால்தான். எனவே வாயால் ஊதினால் காற்று நுழையும் பொருளே நமக்கு வேண்டியது. கடைகளில் விற்கும் இரண்டங்குல ஸ்பாஞ்ச் உச்ச ஒலியை உறிஞ்சும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் வலிமை விரைவாகக் குறையும். அறை முழுதும் அதை ஒட்டினால் உச்சம் செத்து, தாழ்ந்த ஒலி மட்டும் பிழைத்து, அறை முன்னிலும் மோசமாகும்.

நல்ல பொருள் ராக்வூல். கட்டட வேலைக்கும் குளிர்சாதன வேலைக்கும் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள 5 சென்டிமீட்டர்ப் பலகைகள் இரண்டை அடுக்கி, 120-க்கு 60 சென்டிமீட்டர் மரச்சட்டத்தில் வைத்து, மேலே காடாத் துணியை இழுத்து அடித்தால் ஓர் உறிஞ்சும் பலகை ஆயிற்று. வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். நார் தோலில் அரிக்கும், மூச்சிலும் போகக்கூடாது. இத்தகைய பலகை எட்டின் பரப்பு 5.76 சதுர மீட்டர். முன்னே போட்ட கணக்கில் உறிஞ்சல் 6 என்பது ஏறக்குறைய 12 ஆகி, முழக்கம் 1 நொடியிலிருந்து அரை நொடிக்கு இறங்குவதைக் காணலாம்.

எட்டையும் எங்கே வைப்பது? கண்ணாடி காட்டிய பக்கச் சுவர் இடங்களில் இரண்டு. தலைக்கு மேல் கூரையில் ஒன்று. மானிட்டர்களுக்குப் பின்னே இரண்டு. எஞ்சிய மூன்றும் மூலைகளில் குறுக்காக. சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. ஆகையால் நார் அங்கே வேலை செய்யாது. சுவரிலிருந்து விலகிய இடத்தில்தான் காற்று ஓடும். மூலையில் பலகையைக் குறுக்காக நிறுத்தினால் அதன் பின்னே ஆழமான இடைவெளி அமைகிறது. எல்லா நிலையலைகளும் வந்து கூடும் இடமும் மூலையே. கூரையில் மாட்டும் பலகைக்கு உறுதியான கொக்கி வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் இதற்கும் இல்லையா? இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வையுங்கள். டில்லிக் குளிருக்கு வாங்கிய ரஜாயைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னே கொடி கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். புத்தக அலமாரியைப் பின்சுவரில் சேருங்கள். சபைன் மெத்தையில் தொடங்கியது போல நாமும் மெத்தையில் தொடங்குவதில் வெட்கம் என்ன?

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். இவை அறைக்குள் ஒலியைத் திருத்துமே தவிர, அடுத்த வீட்டுக் குக்கர் விசிலையும் ஜன்னல் புறாவின் குமுறலையும் தடுக்கா. வெளி ஒலியைத் தடுப்பது கனமும் காற்றுப் புகாமையுமே. கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் செங்கற்சுவரின் பெருமை வீணே. ரப்பர்ப் பட்டை ஒட்டுங்கள், விசிறியை நிறுத்துங்கள், தெரு அடங்கிய பிறகு பாடுங்கள்.

புதிய பெட்டி வாங்குவோர்க்கு

அறை திருந்திய பிறகும் பெட்டி வேண்டும் என்று தோன்றினால், அப்போது வாங்கும் பெட்டிக்குப் பொருள் உண்டு. 36 கன மீட்டர் அறைக்கு 5 அங்குலக் கூம்பு போதுமானது. 8 அங்குலப் பெட்டி இன்னும் ஆழமாக இறங்கும் என்பது உண்மையே. ஆனால் இறங்கிப் போய் 43 ஹெர்ட்ஸ் என்ற உறங்கும் பூதத்தை எழுப்பிவிடும்.

விளம்பரத்தாளில் “45 ஹெர்ட்ஸ் முதல்” என்று இருந்தால், அது எவ்வளவு குறைவோடு என்று பாருங்கள். 3 டெசிபெல் குறைவு என்றால் நம்பலாம். 10 டெசிபெல் குறைவில் எழுதிய எண் பெரும்பாலும் அலங்காரமே. வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். சுவரோரம் வைப்பதாயின், காற்றுத் துளை முன்புறம் உள்ளதோ, துளையே இல்லாததோ நல்லது. பின்னே, அறைக்குத் தக்கபடி தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் விசை இருந்தால் மிக்க பயன். இரவின் அமைதியில் அருகே அமர்ந்து வேலை செய்வோர், ஒன்றும் ஒலிக்காதபோது பெட்டி ‘உஸ்’ என்று சீறுகிறதா என்று கடையிலேயே கேட்டறிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பாராமல் செருகினால், முதல் நாளே கடைசி நாள் ஆகலாம்.

இரு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டின் அளவையும் சமமாக்கிக் கேளுங்கள். சற்று உரக்க ஒலிப்பதையே காது நல்லது என்று மயங்கும். நன்கு பழகிய பதிவு நான்கைந்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தனிக்குரல், தம்பூரா, மிருதங்கம், வயலின், பேச்சு என்று வகைக்கொன்று இருக்கட்டும். பேச்சே கடுமையான தேர்வு. மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பதை நம் காது பிறந்தது முதல் அறியும்.

இணைத்த பின் ‘ஊம்’ என்ற இரைச்சல் வந்தால் அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். கணினியையும் பெட்டிகளையும் ஒரே பலகையில் செருகி, சமநிலைக் கம்பிகளைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும். பிளக்கின் எர்த் காலை ஒடித்து இரைச்சலைப் போக்க யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். போவது இரைச்சலோ உயிரோ, யார் கண்டார்?

அளவும் காதும்

செய்த வேலை பலித்ததா என்று அளந்து பார்க்கலாம். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச நிரலும், அளவைக்கென்றே செய்த ஒரு மைக்கும் இருந்தால், அறையின் மேடு பள்ளங்களைப் படமாகவே காணலாம். மைக்கை நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். மேட்டை மின்முறையால் சிறிது குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். அங்கே ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது, எவ்வளவு ஊற்றினாலும் அழிவும் அதே அளவு கூடும்.

இறுதியாகக் காது. ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்களைக் காது மற்றவற்றைவிட அதிகம் இழக்கிறது என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் அளந்து காட்டினர். ஆதலின் நிமிஷத்துக்கொரு தடவை அளவைத் திருகுபவருக்கு எடை போடும் தராசே மாறிக்கொண்டிருக்கும். சுமார் 75 டெசிபெல் என்று ஓரளவைக் குறித்து, அதிலேயே வேலை செய்வது நலம். அது காதுக்கும் காவல். 85 டெசிபெலில் நாளுக்கு 8 மணிக்கு மேல் இருப்பது தீங்கு என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகிறது என்றும் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது; அப்படியானால் 91 டெசிபெலில் 2 மணியே. மானிட்டரை மாற்றலாம், காதை மாற்றக் கடை கிடையாது.

ஆகவே, நண்பர்களே, வரிசை இதுதான். முதலில் பெட்டியைச் சோதியுங்கள். பிறகு இருக்கையை நகர்த்துங்கள். பிறகு கண்ணாடி காட்டும் இடங்களையும் மூலைகளையும் மூடுங்கள். அதன்பின் அளந்து, கேட்டு, பழகுங்கள். அதற்கும் மேல் குறை தெரிந்தால் மட்டுமே பணப்பையைத் திறவுங்கள். பாடகி நாளை மறுபடியும் பாடுவாள். ஆனால் பாட்டியின் தாலாட்டு மறுபடியும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு முறையே வாய்க்கும் அக்குரலை அறையின் குறை கலவாமல் காத்துப் பின்னவர்க்குக் கொடுப்பது, மைக்கைக் கையில் எடுத்த நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.